மேகத்தை ஊடுருவும் கீச்சொலி

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

பெருமழை பெய்து ஆறு கரையை உடைக்கும்போது அனைவரும் கேட்பது, தண்ணீர் எந்தெந்த ஊர்வரை ஏறியிருக்கிறது என்பதே. அது தெரிந்தால்தான் படகும் உணவும் முதலில் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்ய முடியும். ஆகாய விமானத்தை அனுப்பிப் படம் எடுத்து வரலாமே என்று நாம் எண்ணுவோம். ஆனால் வெள்ளம் வரும் நாளில்தான் வானம் முழுவதும் மேகம் மூடிக் கிடக்கிறது. இரவும் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். எவ்வளவு விலையுயர்ந்த புகைப்படக் கருவியானாலும் மேகத்தின் முதுகைத்தான் படம்பிடிக்கும். மேகத்தின் அடியில் கூரைமேல் ஏறி நின்று கையசைப்பவர்களின் ஊர் அதற்குத் தெரியாது.

மேகமும் இருளும் தடுக்க முடியாத கண் ஒன்றை மனிதர் செய்திருக்கின்றனர். அதுவே விமானத்தில் வைத்துப் படமெடுக்கும் ராடார். அது வானொலி அலையைத் தரையை நோக்கி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. சாதாரண எதிரொலியில் வீடும் மரமும் தெருவும் தனித்தனியே தெரியுமா? தெரியும்படி செய்தது ஓர் எளிய, அழகான எண்ணம். அலையை அனுப்பும்போது அதன் சுருதியைச் சீராக ஏற்றிக்கொண்டே அனுப்புவதுதான் அது. தோழியரே, அந்த எண்ணத்தை நமக்குத் தெரிந்த பாடத்திலிருந்தே தொடங்கிப் படிப்படியாகப் புரிந்துகொள்வோமா?

நம் பாடநூலில் உள்ள எதிரொலி

ஒலியைப் பற்றிய பாடத்தில் 17 மீட்டர் என்ற எண்ணை நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். எதிரொலியைத் தனியாகக் கேட்கவேண்டுமானால் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். காரணமும் நமக்குத் தெரியும். நாம் கேட்ட ஒலி நம் செவியில் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நிலைத்து நிற்கிறது. அந்த நேரத்தில் ஒலி 34 மீட்டர் ஓடுகிறது. போக 17, வர 17. சுவர் அதைவிட அருகில் இருந்தால் முதல் ஒலி ஓயுமுன்பே எதிரொலி வந்து அதனுடன் கலந்துவிடுகிறது.

இந்தச் சிறு கணக்கில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அவ்வளவுக்கு அருகருகே உள்ள பொருள்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. கைதட்டல் போன்ற குறுகிய ஒலி, தூரத்தை நன்றாகக் காட்டும். சங்கொலி போன்ற நீண்ட ஒலி, எல்லாவற்றையும் குழப்பிவிடும். ராடாருக்கும் இதே விதிதான்.

ராடார் அலை ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு வினாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுக்கு மைக்ரோ வினாடி என்று பெயர். அந்த ஒரு மைக்ரோ வினாடியில் அலை 300 மீட்டர் ஓடிவிடுகிறது. போகவும் வரவும் என்று பாதியாக்கினால் 150 மீட்டர். ஆகவே ஒரு மைக்ரோ வினாடி நீடிக்கும் அலையை அனுப்பினால், 150 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு வீடுகள் ஒரே வீடாகத் தெரியும். இப்படி விட்டுவிட்டு அனுப்பப்படும் சிறு அலைத் தொகுதியைத் துடிப்பு என்று அழைக்கிறோம்.

ராடார் ஏன் பக்கவாட்டில் பார்க்கிறது?

படமெடுக்கும் ராடார் நேர் கீழே பார்ப்பதில்லை. விமானத்தின் ஒரு பக்கமாகச் சாய்வாகவே பார்க்கிறது. நேர் கீழே பார்த்தால், இடப்பக்கம் 100 மீட்டர் தள்ளி உள்ள மரமும் வலப்பக்கம் 100 மீட்டர் தள்ளி உள்ள மரமும் விமானத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். இரண்டின் எதிரொலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். எது இடம், எது வலம் என்று ராடாருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. அருகில் உள்ளது முதலில் பதில் சொல்லும். தொலைவில் உள்ளது பிறகு பதில் சொல்லும். அந்த வரிசையே படத்தின் ஒரு கோடாகிறது. விமானம் முன்னேற முன்னேறக் கோட்டுக்கு அடுத்துக் கோடாகப் படம் நெய்யப்படுகிறது. தறியில் ஊடிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து துணியாவதை இதற்கு ஒப்பிடலாம்.

இரண்டு தேவைகளும் ஒரு முட்டுக்கட்டையும்

நல்ல படம் வேண்டுமானால் ராடாருக்கு இரண்டு தேவைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, எதிரொலி கேட்கும் அளவுக்கு வலுவாக இருக்கவேண்டும். 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து புறப்பட்ட அலை, போகும் வழியெல்லாம் விரிந்து மெலிகிறது. தரையில் பட்டுச் சிதறி ஒரு சிறு பகுதியே திரும்புகிறது. அதுவும் வரும் வழியில் மேலும் மெலிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஒரு பொருளிலிருந்து திரும்பி வரும் எதிரொலியின் வலிமை பதினாறில் ஒரு பங்காகிவிடும். எனவே நிறைய ஆற்றலை அனுப்பியாக வேண்டும். நிறைய ஆற்றலை அனுப்ப, துடிப்பு நீண்ட நேரம் நீடிக்கவேண்டும்.

இரண்டாவது, அருகருகே உள்ள பொருள்கள் தனித்தனியே தெரியவேண்டும். அதற்கோ துடிப்பு மிகக் குறுகியதாக இருக்கவேண்டும்.

நீளமாகவும் இருக்கவேண்டும், குட்டையாகவும் இருக்கவேண்டும் என்றால் எப்படி முடியும்? 10 மைக்ரோ வினாடித் துடிப்பை எடுத்துக்கொள்வோம். அது வானத்தில் 3 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் வண்டியைப் போல ஓடுகிறது. ஒரு வீட்டில் பட்டு ஒரு வண்டி திரும்புகிறது. பத்து மீட்டர் தள்ளி உள்ள அடுத்த வீட்டில் பட்டு மற்றொரு வண்டி திரும்புகிறது. இரண்டாவது வண்டி முதல் வண்டிக்கு 20 மீட்டர் மட்டுமே பின்தங்கி வருகிறது. 3 கிலோமீட்டர் வண்டிகள் இரண்டு, 20 மீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தால் எப்படிப் பிரிப்பது? 1500 மீட்டருக்குள் உள்ள ஊர் முழுவதும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும்.

துடிப்பைக் குறுக்கிவிடலாம் என்றால், அதே ஆற்றலை அந்தச் சிறு நேரத்துக்குள் திணிக்கவேண்டும். அதற்கு மிகப் பெரிய திறனுள்ள கருவி தேவை. சிறிய விமானம் அதைச் சுமக்காது. கருவியும் அந்த மின்னழுத்தத்தைத் தாங்காது. இந்த முட்டுக்கட்டையில்தான் ராடார் நின்றது.

ஏழு சுரங்கள் காட்டிய வழி

இதைத் தீர்த்த எண்ணத்தை ஓர் உவமையால் விளக்குகிறோம். ஏழு மாணவிகள் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நடந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் போகிறவள் ‘ச’ என்ற சுரத்தைப் பாடுகிறாள். அடுத்தவள் ‘ரி’, அதற்கடுத்தவள் ‘க’. இப்படியே கடைசியில் வருகிறவள் ‘நி’. அவர்கள் தொலைவில் உள்ள சுவரைத் தொட்டுவிட்டு அதே வரிசையில், அதே இடைவெளியில் திரும்பி வருகிறார்கள்.

பள்ளி வாயிலில் ஒரு காவலர் நிற்கிறார். அவருக்கு ஓர் உத்தரவு இடப்பட்டிருக்கிறது. ‘ச’ பாடுகிறவளை அதிக நேரம் நிறுத்தி வைக்கவேண்டும். ‘ரி’ பாடுகிறவளை அதைவிடச் சற்றுக் குறைவாக நிறுத்தவேண்டும். இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து, ‘நி’ பாடுகிறவளை நிறுத்தாமல் உடனே உள்ளே விடவேண்டும். என்ன நிகழும்? நீண்ட வரிசையாக வந்த ஏழு பேரும் ஒரே நொடியில், ஒரே அடியாக உள்ளே நுழைவார்கள்! ஏழு குரலும் சேர்ந்து அந்த ஒரு நொடியில் ஓங்கி ஒலிக்கும். நீண்ட வரிசை ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது.

ஏழு பேரும் ஒரே சுரத்தைப் பாடியிருந்தால் இது முடியுமா? முடியாது. யார் முதலில் போனவள், யார் கடைசியில் போனவள் என்று காவலருக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொருத்தியும் தனக்குரிய சுரத்தை விடாமல் பாடியதே அவளுக்கு அடையாளமாயிற்று.

ராடார் செய்வதும் இதுவே. துடிப்பு தொடங்கும்போது ஓர் அதிர்வெண். முடியும்போது வேறோர் அதிர்வெண். நடுவில் படிப்படியாகத் தாவாமல், வீணைத் தந்தியின்மேல் விரலை இழுத்துக்கொண்டே போவதுபோலச் சீராக வழுக்கி ஏறுகிறது. சில ராடார்களில் மேலிருந்து கீழே இறங்குவதும் உண்டு. இதை நம் காதால் கேட்கக்கூடிய ஒலியாக மாற்றினால் குருவியின் கீச்சொலியைப் போல இருக்கும். ஆகவேதான் ஆங்கிலத்தில் இதற்கு, கீச்சிடுதல் என்று பொருள்படும் ‘சிர்ப்’ என்ற பெயர் வந்தது. நாம் இதைக் கீச்சுத் துடிப்பு என்று அழைப்போம். வாயிற்காவலரின் வேலையை முற்காலத்தில் தனி மின்சுற்றுகள் செய்தன; பின்னர் கணிப்பொறி செய்யலாயிற்று. அனுப்பிய துடிப்பின் நகலை வைத்துக்கொண்டு, வந்த எதிரொலியோடு ஒவ்வொரு நேரத்திலும் பொருத்திப் பார்க்கிறது. முற்றிலும் பொருந்தும் நொடியில் கூர்மையான ஒரு முகடு எழுகிறது.

இரண்டு வீடுகளின் எதிரொலி ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தால்? நம் மாணவிகளையே கேட்போம். அருகிலுள்ள சுவரைத் தொட்டு ஒரு வரிசையும், சற்றுத் தள்ளியுள்ள சுவரைத் தொட்டு மற்றொரு வரிசையும் கலந்து வருகின்றன. முதல் வரிசையின் ‘க’வும் இரண்டாம் வரிசையின் ‘ச’வும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வருகிறார்கள். காவலர் கலங்கமாட்டார். ‘க’வை அவளுக்குரிய நேரமும் ‘ச’வை அவளுக்குரிய நேரமும் நிறுத்துவார். முதல் வரிசையார் எழுவரும் ஒரு நொடியிலும், இரண்டாம் வரிசையார் எழுவரும் அடுத்த நொடியிலும் தனித்தனியே உள்ளே நுழைவார்கள். கலந்து வந்தவர்கள் கலையாமல் பிரிந்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வானிலும் கருவியிலும் எப்போதும் ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த இரைச்சலுக்குச் சுர வரிசை கிடையாது. எனவே காவலர் எவ்வளவு நிறுத்தி வைத்தாலும் அது ஒரே நொடியில் ஒன்றுசேராது. வரிசையறிந்த எதிரொலி மட்டுமே ஓங்கி எழும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியலாம் என்பது இப்போது துடிப்பின் நீளத்தைப் பொறுத்தது அன்று. முதல் சுரத்துக்கும் கடைசிச் சுரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையே பொறுத்தது. இந்த இடைவெளிக்குப் பட்டை அகலம் என்று பெயர். ச முதல் நி வரை எல்லாச் சுரங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலித்தால் காவலர் தடுமாறுவார் அல்லவா? சுரங்கள் விலகி நிற்க நிற்க அவருடைய வேலை துல்லியமாகிறது. நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு: 150 என்ற எண்ணைப் பட்டை அகலத்தால் (மெகாஹெர்ட்ஸில்) வகுத்தால், பிரித்தறியும் தூரம் மீட்டரில் கிடைக்கும்.

ஓர் உண்மையான விமானத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நாசா அமைப்புக்காகக் கலிபோர்னியாவிலுள்ள ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வுக்கூடம் ‘யூ.ஏ.வி.சார்’ என்ற ராடாரை உருவாக்கியது. 2007-ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கிய அந்த ராடார், கல்ஃப்ஸ்ட்ரீம்-3 என்ற விமானத்தின் வயிற்றுப் பகுதியில் ஒரு கூட்டுக்குள் வைத்துப் பொருத்தப்பட்டது. சுமார் 12½ கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் அதன் கீச்சுத் துடிப்பு, ஏறத்தாழ 1217 மெகாஹெர்ட்ஸுக்கும் 1297 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் வழுக்கிச் செல்கிறது. அதாவது பட்டை அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 150-ஐ 80-ஆல் வகுத்தால் 1.875 மீட்டர்.

10 மைக்ரோ வினாடித் துடிப்பால் 1500 மீட்டரைத்தான் பிரிக்க முடியும் என்று முன்பு பார்த்தோம். அதே 10 மைக்ரோ வினாடித் துடிப்பைக் கீச்சாக்கினால் இரண்டு மீட்டருக்கும் குறைவான இடைவெளியைப் பிரிக்க முடிகிறது. 800 மடங்கு நுட்பம்! இதையே மறுபுறமிருந்தும் பார்க்கலாம். கீச்சு இல்லாத குறுகிய துடிப்பால் இதே ஆற்றலை அனுப்பவேண்டுமானால், 3 கிலோவாட் போதுமான இடத்தில் 2400 கிலோவாட் தேவைப்படும். உரக்கக் கத்தவேண்டிய வேலையை, முறையாகப் பாடியே முடித்துவிட்டார்கள்.

பறக்கும்போது தானே பிறக்கும் இரண்டாவது கீச்சு

இதுவரை பார்த்தது விமானத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிரிக்கும் வழி. விமானம் பறக்கும் திசையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு வீடுகளை எப்படிப் பிரிப்பது? இரண்டும் விமானத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றனவே!

விமானத்தில் வைக்கும் ஆன்டெனா சுமார் 1½ மீட்டர் நீளமே. அலைநீளமோ 24 சென்டிமீட்டர். இத்தகைய சிறு ஆன்டெனாவிலிருந்து புறப்படும் அலைக்கற்றை, 15 கிலோமீட்டர் தூரம் போய்ச் சேரும்போது 2.4 கிலோமீட்டர் அகலமாக விரிந்துவிடும். அதற்குள் உள்ளவை எல்லாம் சேர்ந்தே பதில் சொல்லும்.

இங்கே இரயிலின் ஊதலை நினைவுகூர்வோம். இரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும், நம்மைக் கடந்து விலகும்போது தாழ்ந்தும் கேட்கிறது. இதுவே டாப்ளர் விளைவு. விமானம் ஒரு வீட்டை நோக்கி நெருங்கும்போது அதன் எதிரொலி சற்றே உயர்ந்த அதிர்வெண்ணில் வருகிறது. நேர் பக்கத்தில் வரும்போது சமமாகிறது. கடந்து போகும்போது தாழ்கிறது. ஆக, ஒவ்வொரு வீடும் விமானம் தன்னைக் கடக்கும் நேரத்தில் மேலிருந்து கீழே வழுக்கும் ஒரு கீச்சொலியைத் தானாகவே எழுப்புகிறது! யாரும் இதை அனுப்பவில்லை. விமானத்தின் ஓட்டத்தாலேயே இது பிறக்கிறது. முதல் வீட்டின் கீச்சு முன்னரும் அடுத்த வீட்டின் கீச்சு பின்னரும் தொடங்குவதால், நம் பழைய வாயிற்காவலரே வந்து இவற்றையும் பிரித்துவிடுகிறார்.

இரண்டு கீச்சுகளுக்கும் உள்ள வேறுபாடு வியப்புக்குரியது. முதலாவது ஒரு வினாடியில் இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டாவதோ, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அந்த 2.4 கிலோமீட்டரைக் கடக்கும் வரை, சுமார் 11 வினாடி நீடிக்கிறது. அதில் ஏற்படும் மாற்றமும் மிகச் சிறிது. வினாடிக்கு 125 கோடி அதிர்வுகளில் ஏறக்குறைய 150 அதிர்வுகள் ஏறி இறங்குகின்றன, அவ்வளவே. இந்த நுண்ணிய மாற்றத்தைத் தவறவிடாமல் பிடிக்க மிகத் துல்லியமான கடிகாரம் வேண்டும். விமானம் காற்றில் ஆடி அசைந்ததையும் கணக்கிட்டுத் திருத்தவேண்டும். இவ்வளவும் சரியாக நடந்தால், 2.4 கிலோமீட்டர் மங்கல், கொள்கையளவில் ஆன்டெனாவின் பாதி நீளமாக, அதாவது முக்கால் மீட்டராகச் சுருங்கும். பல இடங்களில் கேட்ட எதிரொலிகளைச் சேர்த்து, பல கிலோமீட்டர் நீளமான ஆன்டெனா ஒன்று இருந்தாற்போல ஆக்கிக்கொள்வதால், இதைச் செயற்கைத் துளை ராடார் என்று அழைக்கின்றனர்.

இந்த அறிவு வந்த வழி

மனிதர் கண்டுபிடிப்பதற்கு முன்பே படைப்பில் இந்தக் கலை இருந்திருக்கிறது. பூச்சிகளைத் தின்னும் சிறு வௌவால்கள் பலவும் நம் செவிக்கு எட்டாத குரலை எழுப்புகின்றன. சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அந்தக் குரல் மேலிருந்து கீழே சரசரவென இறங்குகிறது. அதுவும் ஒரு கீச்சுத் துடிப்பே.

இதை ஆராயத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு கத்தோலிக்கக் குரு. இத்தாலியைச் சேர்ந்த அருட்தந்தை லாசரோ ஸ்பல்லன்சானி 1793-ஆம் ஆண்டில், பார்வை இழந்த வௌவால்களும் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டார். ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஜூரின் என்பவர், வௌவாலின் காதை அடைத்தால் அது தடுமாறி மோதுகிறது என்று காட்டினார். காதால் பார்க்கிறதா என்று அக்காலத்து அறிஞர் பலர் அதை நம்பவில்லை. 1938-ஆம் ஆண்டில்தான், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவராக இருந்த டொனால்டு கிரிஃபின், பேராசிரியர் பியர்ஸ் அமைத்த கருவியின் உதவியால் அந்தக் கேளா ஒலியைக் கண்டறிந்தார்.

ராடாரில் இந்த எண்ணத்தைப் புகுத்தியவர்களுள் ஒருவர் பெல் ஆய்வுக்கூடத்தின் சிட்னி டார்லிங்டன். அவர் 1949-ஆம் ஆண்டின் இறுதியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1954-இல் அதைப் பெற்றார். விமானத்தின் ஓட்டத்தையே பயன்படுத்தும் எண்ணத்தை 1951-ஆம் ஆண்டில் குட்இயர் விமான நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் வைலி முன்வைத்தார். அந்நாளில் இவையெல்லாம் போருக்காகவே வளர்க்கப்பட்டன. இரவிலும் மேகத்திலும் எதிரியின் இலக்கைக் காண்பதே நோக்கமாக இருந்தது. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அறிவு பிறகு எங்கெல்லாம் சென்றது என்பதையும் அறிய வேண்டும்.

மேகத்துக்கு அடியில் கண்டவை

மத்திய அமெரிக்காவில் பனாமா நாட்டின் டேரியன் மாநிலம் எப்போதும் மேகம் சூழ்ந்தது. முழுமையான வான்படம் அதற்குக் கிடைத்ததே இல்லை. 1967-ஆம் ஆண்டில் விமான ராடார் அதைப் படமெடுத்தது. அதன்பின் பிரேசில் நாடு 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ராடாம்’ திட்டத்தின் வழியாக அந்நாட்டின் அமேசான் காடு ராடாரால் படமாயிற்று.

கம்போடியாவின் அங்கோர் கோயில்களை நாம் அறிவோம். 1996-ஆம் ஆண்டில் ‘ஏர்சார்’ என்ற நாசாவின் விமான ராடார் அப்பகுதியின் மேல் பறந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் மூர் என்னும் அம்மையார் அந்தப் படங்களை ஆராய்ந்து, காட்டினுள் மறைந்திருந்த பழைய மேடுகளையும் நீர்நிலைகளின் தடங்களையும் எடுத்துக்காட்டினார். நீண்ட அலைநீளமுள்ள ராடார் இலைகளின் ஊடே ஓரளவு புகுந்து செல்லக் கூடியது என்பதே அதற்கு உதவியது.

2010 ஜனவரி 12 அன்று ஹெயிட்டி நாட்டை நிலநடுக்கம் உலுக்கியபின், நாம் மேலே கணக்கிட்ட அதே யூ.ஏ.வி.சார் ராடார் அத்தீவின் நிலப்பிளவுகளின் மேல் பறந்து படமெடுத்தது. நம் நாட்டிலும் இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம், பேரிடர்க் காலங்களுக்கென்றே ஒரு விமான ராடாரை உருவாக்கியது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘நிசார்’ செயற்கைக்கோளில், நாசாவின் ராடாரும் இஸ்ரோவின் ராடாரும் சேர்ந்தே சென்றன.

வெள்ளத்தை ராடார் எப்படி அறிகிறது என்று கேட்கலாம். அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போன்றது. சாய்வாக வந்த அலையை அது மறுபக்கமே எறிந்துவிடுகிறது. விமானத்துக்கு ஒன்றும் திரும்புவதில்லை. ஆகவே தண்ணீர் படத்தில் கருமையாகத் தெரிகிறது. கரடுமுரடான வயலும் மரமும் சாம்பல் நிறமாகத் தெரியும். வீட்டின் சுவரும் தரையும் சேர்ந்து அலையை இருமுறை திருப்பி வந்த வழியே அனுப்புவதால் வீடுகள் பளிச்சிடும். முன்பு சாம்பலாக இருந்த வயல் இன்று கருமையானால், அங்கே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

குறைகளும் உண்டு. ராடார் படத்தில் இயற்கை நிறம் இல்லை. மலையின் மறுபக்கம் நிழலில் மறைந்துவிடும். காற்றால் அலை எழுந்த நீர், நிலத்தைப் போலவே தோன்றி ஏமாற்றலாம். மிக வலுவான ஓர் எதிரொலி, தன் இருபுறமும் பொய்யான சிறு எதிரொலிகளைப் படரவிட்டு, அருகிலுள்ள மெல்லிய எதிரொலியை மறைத்துவிடவும் கூடும். துடிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் சற்று மென்மையாக்கிக் கணக்கிட்டால் இது குறையும். ஆனால் கூர்மையும் சிறிது குறையும். எனவே படத்தைப் படிக்கத் தெரிந்த மனிதர் இல்லாமல் ராடார் மட்டும் போதாது.

உங்களுக்கு ஒரு கணக்கு

தோழியரே, இதை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு ராடாரின் பட்டை அகலம் 40 மெகாஹெர்ட்ஸ். 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு படகுகளை அது தனித்தனியே காட்டுமா? 5 மீட்டர் இடைவெளியில் நின்றால் காட்டுமா? 150-ஐ 40-ஆல் வகுத்தால் 3.75 மீட்டர். எனவே முதல் கேள்விக்கு ‘காட்டாது’ என்பதும் இரண்டாவதற்கு ‘காட்டும்’ என்பதும் விடை. துடிப்பு எத்தனை மைக்ரோ வினாடி நீடித்தது என்று நாம் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இந்தப் பாடத்தின் சாரம் அதுவே.

ஒலி, அதிர்வெண், டாப்ளர் விளைவு ஆகியவற்றைத் தேர்வுக்காக மட்டும் படித்து மறந்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். அந்த மூன்று பாடங்களைச் சேர்த்தே மேகத்துக்கு அடியில் மூழ்கிக் கிடக்கும் ஓர் ஊரைக் கண்டுபிடிக்க முடிகிறது என்று அறிந்தபின் அவற்றை அலட்சியமாகப் படிக்க மனம் வருமா? வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குப் படகு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று சொல்லக்கூடிய அறிவு அது. அவ்வறிவைப் போருக்குச் செலவிடுவதா, உயிர் காக்கச் செலவிடுவதா என்பதை ராடார் முடிவு செய்வதில்லை. அதைக் கற்பவர்களே முடிவு செய்கிறார்கள். நம் பள்ளியிலிருந்தும் சிலர் அப்படிக் கற்க முன்வருவார்களாக! இறைவன் அவர்களுக்கு நல்ல அறிவையும், அதை நல்வழியில் செலுத்தும் நெஞ்சத்தையும் அருள்வாராக!